எட்டு மூலை வட்டம்

நண்பகல் தாண்டியதும் கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது. கையை உயர்த்தி ஆடிக்கொண்டிருந்த மணப்பெண்ணின் சித்தி பாதி ஆட்டத்தில் கறுப்புக்குள் போனாள்.

துஹா மேசையை அறைந்தாள். பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். ரொட்டி சுடும் அடுப்பின் சுவர் போல இருந்தது. சுட்டால் சுடட்டும் என்று கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றாள்.

மொஹர்ரம் பிறக்க அதிக நாள் இல்லை. பிறந்துவிட்டால் பக்தாதின் காதிமிய்யாவில் வாசலுக்கு வாசல் துக்கத்தின் கறுப்புக் கொடி ஏறிவிடும். அந்த மாதமும் அடுத்து வரும் ஸஃபரும் முடிகிறவரை கல்யாணமும் இல்லை, கல்யாணப் படம் பார்ப்பதும் இல்லை. அதற்குள் மணப்பெண் ரபாபின் படத்தை முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

அது பெண்கள் கூடத்தில் எடுத்த படம். உள்ளே தலை மூடாமல், கை மூடாமல் ஆடுவார்கள். எடுப்பவளும் பெண், வெட்டி ஒட்டுபவளும் பெண். ஆண் கண் படாது என்ற உறுதியின் பேரில்தான் அந்த வேலையே நடக்கிறது. துஹா அதில் பேர் வாங்கியவள். போன கோடைவரை.

போன கோடையில் மெஷின் கெட்டது. அண்ணன் அன்மார் அதைத் தன் சிநேகிதன் வாஸிக்கின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். சரியாகித் திரும்பியது. அடுத்த வாரம் ஒரு மருதாணி இரவின் அரை நிமிஷம் தெருப் பையன்களின் போன்களில் ஓடியது. சிவப்பு கவுன் போட்ட ஒரு பெண் கூந்தலை வீசி ஆடினாள். அவளுடைய நிச்சயம் முறிந்தது. தான் விடவில்லை என்று வாஸிக் சத்தியம் செய்தான், அன்மார் நம்பினான். துஹாவின் வாசலுக்கு அதற்குப் பிறகு ஒருத்தியும் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து வந்தவள் ரபாபின் தாய். உம்மு ரபாப் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவள் போன வீட்டுக்கு மற்றவர்களும் போவார்கள், அவள் மிதிக்காத வீட்டை மிதிக்க மாட்டார்கள். படம் இருந்த ஹார்டு டிஸ்கைக் கைப்பையிலிருந்து எடுத்து துஹாவின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"ஆம்பளைக் கை படக் கூடாது, கண்ணு. படத்துல மட்டும் இல்ல. அந்த மெஷின்லயும்."

ஆகவே அணைந்துபோன மெஷினைத் தூக்கிக்கொண்டு போக இடமில்லை. துஹா ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். உள்ளே தூசியைத் துடைத்தாள். பெட்டியைத் திறந்தே வைத்து ஓட்டிப் பார்த்தாள். தூசிதான் ஏறியது. இரவில் வேலை செய்யலாமே என்றாள் அண்ணி ஹனீன். இரவில் அந்த அறையின் சுவர்கள் பகலெல்லாம் குடித்த வெயிலைக் கக்கின. ஏசி அரசாங்கக் கரண்டில்தான் ஓடும், அரசாங்கக் கரண்ட் தன் இஷ்டத்துக்கு வரும். மற்ற நேரமெல்லாம் தெரு ஜெனரேட்டர்காரன் அளந்து கொடுக்கும் ஆம்பியர். அது பல்புகளுக்கும் துஹாவின் பெட்டிக்கும் கூடத்துக் கூலருக்கும் தாங்கும். கூலர் கூடத்து ஜன்னலில் இருந்தது. வைக்கோல் அடைத்த தகரக் கூடு, வைக்கோலில் தண்ணீர் சொட்டும், உள்ளே ஒரு பெரிய விசிறி. அதன் காற்று துஹாவின் அறைக் கதவுவரை வந்து செத்துவிடும். கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கேதான் அன்மாரைப் பார்க்க வரும் ஆண்கள் உட்காருவார்கள்.

போனில் வீடியோக்கள் பார்த்தாள். எங்கேயோ குளிர்தேசத்துப் பையன்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தங்கள் கம்ப்யூட்டர் பெட்டியில் ஓட்டை வெட்டினார்கள். கண்ணாடி பதித்தார்கள், நீல விளக்கு வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கிடந்தது. அவர்களுக்கு அது எதற்கு என்று துஹாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கடைசிவரை பார்த்தாள். பக்கத் தகட்டில் வட்டமாக வெட்டி ஒரு பெரிய விசிறி வைத்தால் சூடு குறையும். அவ்வளவுதான் விஷயம்.

விசிறியைத் தானே போய் வாங்கி வந்தாள். கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். எனக்கு என்றாள். வீட்டில் அண்ணன் தம்பி இருந்தால் அனுப்பச் சொன்னான், மாட்டத் தெரிய வேண்டுமே என்றான். அவள் விசிறியை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். வழியெல்லாம் பதில் சொன்னாள்.

அன்மார் டைல்ஸ் பதிக்கிறவன். அவனுடைய கட்டிங் மெஷின் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. வியாழக்கிழமை அவன் வேலைக்குப் போனதும், கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். தகட்டைக் கழற்றி இரண்டு செங்கல் மேல் வைத்தாள். தேநீர்க் குவளையின் சாசர் விசிறியின் அளவுக்குச் சரியாக இருந்தது. அதைக் கவிழ்த்துச் சுற்றிக் கோடு போட்டாள்.

கோடு அழகாக இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் அழகாக இல்லை.

மெஷின் வளையவே இல்லை. அதற்கு நேராகப் போகத்தான் தெரியும். அவள் ஒரு நேர்கோடு வெட்டினாள், திருப்பினாள், இன்னொன்று வெட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பிளேடு கோட்டைத் தாண்டி ஓடிக் கீறல் விட்டது. செங்கலுக்கு நடுவில் தகடு துள்ளியது. பெயின்ட் கருகி நாறியது. கைப்பிடி மூச்சு விட முடியாத மிருகம் போல உதறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாஸிக்கைத் திட்டினாள், ஜெனரேட்டர்காரனைத் திட்டினாள், பனியில் ஓட்டை வெட்டிய பையன்களைத் திட்டினாள். வெட்டிய துண்டு கீழே விழுந்தபோது, வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு மூலையோடு ஒன்று இருந்தது. தகடு நடுவில் குழிந்திருந்தது.

ஹனீன் துணி காயப்போட வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"எலி கடிச்சதா?"

"போங்க அண்ணி."

"இல்ல, பல்லு கொஞ்சம் பெருசா இருக்கேன்னு கேட்டேன்."

சாயங்காலம் அன்மார் வந்து மெஷினைத் தூக்கிப் பார்த்தான். பிளேடைத் தடவினான். இது கல் வெட்டுகிற பிளேடு, தகரத்துக்கு வேறு போட வேண்டும், இதுகூடத் தெரியாமல் எதற்கு எடுத்தாய் என்றான். என்னிடம் கொடுத்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடித்திருப்பேன் என்றான். அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விசிறியின் நாலு ஸ்க்ரூ ஓட்டைகளில் ஒன்றுதான் தகட்டோடு சேர்ந்தது. மற்ற மூன்றையும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினாள். ஓட்டினாள். விசிறி அறையின் சூட்டையே அள்ளி உள்ளே கொட்டியது. நண்பகலுக்கு அணைந்துகொண்டிருந்த மெஷின் இப்போது கொஞ்சம் தாமதமாக அணைந்தது.

இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, காற்று சூடாக இருந்தால் குளிர்ந்த காற்றைக் கொண்டுவர வேண்டியதுதானே என்று தோன்றியது. பக்தாதில் பிறந்த யாருக்கும் குளிர்ந்த காற்று எங்கிருந்து வரும் என்று தெரியும்.

பழைய டிவிப் பெட்டியின் அட்டையை மடித்து, பிளாஸ்டர் ஒட்டி, நீளமாக ஒரு குழாய் செய்தாள். ஒரு முனையைக் கூலர் வாயின் பாதியில் பொருத்தினாள். குழாய் கூடத்துச் சுவரோரமாக வந்து, கதவிடுக்கில் நுழைந்து, எட்டு மூலை ஓட்டையின் மேல் உட்கார்ந்தது.

கூடத்தில் பனியனோடு படுத்திருந்த அன்மார் எழுந்து உட்கார்ந்தான். என் காற்று எங்கே என்றான். பாதி இருக்கிறதே என்றாள் துஹா. பகலெல்லாம் வெயிலில் முட்டி போட்டு டைல்ஸ் பதிப்பவனுக்குப் பாதி, நிழலில் உட்கார்ந்திருக்கும் தகரத்துக்குப் பாதியா என்று அவன் கத்தினான். அந்தத் தகரம் ஓடினால்தான் இந்த வீட்டுக்குள் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியும் என்று அவள் கத்தினாள். ஹனீன் இரண்டு பேருக்கும் நடுவில் தர்பூசணித் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

குழாய் அப்படியே இருந்தது. அன்மார் அதைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து அட்டையிடம் கேட்டான்: "மாப்பிள்ளைக்குக் குளிருதா? போர்வை கொண்டு வரட்டுமா?"

மெஷின் அணையவில்லை. உள்ளே எண்பது தொண்ணூறு என்று காட்டிக்கொண்டிருந்த சூடு ஐம்பதுக்கு இறங்கியது. நண்பகல் போனது, பிற்பகல் போனது. சித்தி முழு ஆட்டமும் ஆடி முடித்தாள். துஹா அன்றைக்கு முதல்முறையாக யாரையும் திட்டவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வேலை ஓடியது. ரபாப் மெழுகுவத்திகளுக்கு நடுவில் வந்தாள், பூ தூவினார்கள், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். முடிவுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

கூலர் ஓடும் வீட்டில் உப்பு கட்டியாகும். தீக்குச்சி உரசினால் பற்றாது. மேசையில் வைத்த ரொட்டி தோலாகும். இதெல்லாம் துஹாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்தக் காற்று ஈரக் காற்று என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. கை குழாய் செய்துகொண்டிருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஜெனரேட்டர் போய் அரசாங்கக் கரண்ட் வந்த ஒரு நொடியில், பெட்டிக்குள் விரல் சொடுக்கியது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு கருகல் வாசனை.

திறந்தாள். ஸ்க்ரூக்களின் தலையெல்லாம் செம்பழுப்பு. மதர்போர்டின் மேல், கெட்டிலின் அடியில் படியுமே, அந்த வெள்ளை. சில இடங்களில் பச்சை. ஓட்டைக்கு நேர் எதிரே ஒரு நாணயம் அளவுக்குக் கறுப்பு. மாடித் தொட்டித் தண்ணீரைப் பல நாள் அவளே ஊதி ஊதி உள்ளே அனுப்பியிருந்தாள்.

இப்போது திட்டுவதற்கு ஆளில்லை. அது மிகக் கேவலமாக இருந்தது. அட்டைக் குழாயை மிதித்து மிதித்துத் தட்டையாக்கினாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீரும் சுட்டது.

வெளியே வந்தபோது மேசை மேல் பெட்டி இல்லை.

ஈரத் தலையோடு, கையில் கிடைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அன்மார் பெட்டியை மார்போடு அணைத்தபடி கார் டிக்கியைத் திறந்துகொண்டிருந்தான். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் காய்கறிப் பையோடு நின்றுவிட்டார்கள்.

"கீழ வைங்க அண்ணா."

"வாஸிக்கிட்ட இல்ல. வேற ஆளு. தெரிஞ்சவன்."

"உள்ள டிஸ்க் இருக்கு. கீழ வைங்க."

"செத்துப்போன மெஷின், துஹா. எவன் என்னத்தப் பாக்கப்போறான்? நான் உனக்கு நல்லதுதான் செய்யுறேன்."

அவள் தகட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் விடவில்லை. அவன் விரல்கள் அவள் வெட்டிய ஓட்டையின் விளிம்பில் இருந்தன. அரம் போட்டுத் தேய்க்காத விளிம்பு. அவன் சட்டென்று கையை உதறினான். வாசல் சிமென்ட்டில் ரத்தம் சொட்டியது. அப்போதும் இன்னொரு கையால் பெட்டியைப் பிடித்திருந்தான். ஒரு வருஷமா என்னைக் குற்றவாளி மாதிரி பார்க்கிறாய், நானா அதைத் தெருவில் விட்டேன், வாஸிக்கே செய்திருந்தாலும் நான் என்ன செய்வேன் என்று கேட்டான். உண்மையாகவே தெரியாதவன் போலக் கேட்டான்.

துஹா ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது என்கிட்ட கேட்டே. அந்தச் சிவப்பு கவுன் யார் வீட்டுப் பொண்ணுன்னு. நீயும் பாத்தே, அன்மார்."

அவனை அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அன்மார் எதிர்வீட்டுப் பெண்களைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பெட்டியைத் தரையில் வைத்தான். கதவைத் தாண்டி உள்ளே போனான். அன்றும் அடுத்த நாளும் அவன் கூடத்தில் படுக்கவில்லை.

மறுநாள் காலை உம்மு ரபாப் வந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள். அதிலிருந்தே துஹாவுக்குத் தெரிந்துவிட்டது.

உட்காராமலே பேசினாள். மொட்டைமாடியில் எவனோ வெட்டும் மெஷின் ஓட்டினான் என்று சொன்னார்கள். நம்பவில்லை. உன் அண்ணன் பெட்டியைக் காரில் ஏற்றினான் என்று சொன்னார்கள். அதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். என் பெண் அதற்குள் இருக்கிறாள். அவள் மாமியார் இருக்கிறாள். நான் இருக்கிறேன், அறுபது வயதில் இடுப்பை ஆட்டிக்கொண்டு. யார் திறந்தது? யார் வெட்டியது?

"நான்தான்" என்றாள் துஹா.

"எல்லாரும் நான்தான்னுதான் சொல்லுவாங்க."

துஹா உள்ளே போய் டிஸ்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். மெஷின் செத்துவிட்டது, நான்தான் கொன்றேன், மொஹர்ரத்துக்கு முன்னால் படம் வராது என்றாள். பிறகு, எதற்கு என்று தெரியாமல், அந்தத் தகட்டையும் கொண்டுவந்து நாற்காலியில் சாய்த்தாள்.

உம்மு ரபாப் தகட்டைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டே போனாள். குழிந்த இடத்தைத் தொட்டாள். எட்டு மூலைகளையும், கோட்டைத் தாண்டி ஓடிய கீறல்களையும், கருகிய பெயின்ட்டையும், முறுக்கிய கம்பியையும் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

"எந்த ஆம்பளையும் இதை இப்படி வெட்டமாட்டான், கண்ணு. குடிச்சிருந்தாக்கூட மாட்டான்."

தேநீர் கேட்டாள். டிஸ்கைத் திரும்ப துஹாவின் பக்கம் தள்ளினாள். ஸஃபர் முடியட்டும், அதற்குப் பிறகு நிதானமாக முடித்துக் கொடு, எனக்கு அவசரமில்லை என்றாள். தெருவில் வாய் திறந்தவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர்களையும் அனுப்புகிறேன், வந்து பார்க்கட்டும் என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பினாள்.

"இந்த ஓட்டையைச் சரி பண்ணிடாத. இது இருக்கிறவரைக்கும் உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

துஹா சரி என்றாள். கதவைச் சாத்தினாள். கேட்டது கிடைத்துவிட்டது. டிஸ்க் கையில் இருந்தது, பெண்கள் மறுபடி வருவார்கள், இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. அவள் சந்தோஷப்பட வேண்டும். தகட்டின் முன்னால் நின்றாள். காது சூடாகிக்கொண்டு வந்தது.

இந்த வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் அவள் ஒரு படத்தையும் வெளியே விட்டதில்லை. அது அவர்களுக்குப் போதவில்லை. நான்தான் என்று அவள் வாயால் சொன்னதும் போதவில்லை. கோணலாக வெட்டியது போதும்.

மொஹர்ரம் பிறந்தது. தெருவில் கறுப்புக் கொடிகள் ஏறின. பள்ளிவாசல் பக்கம் துக்க நாள் சோறு சமைக்கப் பெரிய அண்டாக்கள் இறங்கின. வேலை இல்லாத நாட்கள். துஹா தானே போய்ப் புதிய மதர்போர்டு வாங்கி வந்தாள். யாருக்கு என்று கேட்ட கடைக்காரனிடம், வாயை மூடிக்கொண்டு பொருளைக் கொடுக்கச் சொன்னாள். தகரம் வெட்டும் பிளேடு வாங்கவில்லை. டிரில்லுக்கு மெல்லிய பிட்டுகளும் ஒரு அரைவட்ட அரமும் வாங்கினாள்.

சமையலறையில் ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கீறல்களின் மேல் கவிழ்த்துப் பார்த்தாள். சூப்புத் தட்டு போதவில்லை. ஒரு கீறல் வெளியே நீட்டியது. சோற்றுத் தட்டு எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டது. அதற்கேற்ற பெரிய விசிறியும் வாங்க வேண்டியதுதான்.

"அது என் கல்யாணத் தட்டு" என்றாள் ஹனீன்.

"திருப்பித் தருவேன்."

"வட்டமாவா?"

துஹாவுக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. தகட்டை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனாள். இந்த முறை செங்கல் இல்லை. கீழே ஒரு பலகையைப் போட்டு, தகட்டை அதன் மேல் அழுத்திக் கட்டினாள். தட்டைச் சுற்றிக் கோடு போட்டாள். கோட்டின் உள்பக்கமாக, ஒன்றையொன்று தொடாமல், சின்னச் சின்னத் துளைகள் போட ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். துஹா அவளைப் பார்த்து, மறைக்காமல், தகட்டைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

படிக்கட்டில் அன்மாரின் காலடி வந்து நின்றது. அவன் மேலே ஏறவில்லை. டிரில்லை அவள் கேட்காமல்தான் எடுத்திருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காலடி இறங்கிப் போனது.

துளைகளுக்கு நடுவே இருந்த தகட்டை வெட்டி எடுத்தபோது விளிம்பு முழுக்கப் பல்லாக இருந்தது. அரத்தை எடுத்தாள். வெயில் முதுகில் நின்றது. ஒரு பல்லைத் தேய்த்து, விரலால் தடவி, இன்னும் உறுத்துகிறது என்று மறுபடி தேய்த்து, அடுத்ததற்குப் போனாள். உம்மு ரபாப் வந்து இதைப் பார்ப்பாள். எவன் செய்து கொடுத்தான் என்று கேட்பாள். கேட்கட்டும். நான்தான் என்று ஒரு தரம் சொல்வேன், இரண்டாவது தரம் சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அரத்தை இன்னும் அழுத்தினாள்.